டெல்லியில் அரசு டாக்டருக்கு நிர்வாகப் பயிற்சி: பத்து வாரமா, இரண்டு வருடமா?

அரசு வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன மெடிக்கல் ஆபீசரின் மேசையில் என்னென்ன இருக்கும்? மருந்து இன்டென்ட் (தேவைப் பட்டியல்), டூட்டி ரோஸ்டர், ஆடிட்காரர்கள் எழுதிவிட்டுப் போன பாராவுக்குப் பதில், ஒரு ஆர்.டி.ஐ. மனு, மருத்துவக் கழிவு ரிஜிஸ்டர், மழைக்காலம் என்றால் டெங்கு எண்ணிக்கை. இவற்றுக்கு நடுவில்தான் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். எம்.பி.பி.எஸ். படித்த ஐந்தரை வருடத்தில் சமூக மருத்துவப் பாடம் இவற்றை லேசாகத் தொட்டுவிட்டுப் போனதோடு சரி. அதனால்தான் 'சார்ஜ்', அதாவது ஒரு மையத்தின் நிர்வாகப் பொறுப்பு, கைக்கு வந்ததும் டாக்டர்கள் பயிற்சி தேட ஆரம்பிக்கிறார்கள்.

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நாடு முழுவதிலிருந்தும் டாக்டர்கள் வந்து தங்கிப் படிக்கும் தேசிய நிறுவனங்கள் நமக்கு மெட்ரோ தூரத்தில் இருக்கின்றன. ஆர்.கே.புரத்தில் குடியிருப்பவருக்கு, தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனம் இருக்கும் முனிர்கா அடுத்த ஸ்டேஷன். ஆனால் தேர்வுகள் அதிகம் என்பதால் குழப்பமும் அதிகம். சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம்), டெல்லி அரசு, மாநகராட்சி, ரயில்வே, இ.எஸ்.ஐ. என்று எங்கே வேலை பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: எதில் சேர்வது? நானும் மத்திய சுகாதாரப் பணியில் ஜெனரல் டூட்டி டாக்டர் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வருகிறது.

என்னைக் கேட்டால், படிப்பின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் இடத்தில் எது குறைகிறது என்று பாருங்கள். என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லையா? அல்லது தெரிந்தும் ஆள், மருந்து, பணம் ஒழுங்காக நகராததால் வேலை நடக்கவில்லையா? முதலாவது என்றால் உங்களுக்குத் தேவை எபிடெமியாலஜி, அதாவது நோய்ப்பரவலியல். இரண்டாவது என்றால் நிர்வாகம். 'பொது சுகாதார மேலாண்மை' என்ற ஒரே பெயரில் இரண்டையும் கலந்து விற்கிறார்கள். ஆனால் இவை வெவ்வேறு திறமைகள். ஒன்றைக் கற்றவருக்கு மற்றது தானாக வந்துவிடாது.

அதற்கு முன் பதவி உயர்வு விஷயத்தைப் பேசிவிடலாம். மத்திய சுகாதாரப் பணியில் ஜெனரல் டூட்டி டாக்டர்களுக்கு டி.ஏ.சி.பி. என்ற ஏணி இருக்கிறது. 4, 9, 13, 20 ஆண்டுகள் என்று சேவைக் கணக்கில் ஏறிக்கொண்டே போய் எஸ்.ஏ.ஜி. என்ற மூத்த நிர்வாக நிலை வரை போகலாம். வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை சரியாக இருக்க வேண்டும், விஜிலன்ஸ் வழக்கு இருக்கக் கூடாது. இந்த ஏணியில் ஏற டிப்ளமா எதுவும் கேட்பதில்லை. ஆகவே 'புரமோஷனுக்கு உதவும்' என்று யாராவது லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் தனியார் படிப்பைக் காட்டினால், என்ன விதி, எந்தப் பதவிக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

ஒரே விதிவிலக்கு, ஜெனரல் டூட்டி பிரிவை விட்டுப் பொது சுகாதாரப் பிரிவுக்கே போக நினைப்பவர்கள். அங்கே ஸ்பெஷலிஸ்ட் பதவிக்கு மருத்துவ முதுநிலைத் தகுதி வேண்டும். எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் பட்டம் அந்தக் கணக்கில் வராது. நீட் முதுநிலைத் தேர்வு எழுதி கம்யூனிட்டி மெடிசினில் எம்.டி. செய்வதுதான் வழி. இல்லையென்றால் முனிர்காவில் உள்ள தேசிய சுகாதார, குடும்பநல நிறுவனத்தில் டெல்லிப் பல்கலைக்கழகம் வழங்கும் 'கம்யூனிட்டி ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன்' எம்.டி. இருக்கிறது. இந்த இரண்டாவதைப் பற்றி நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. மூன்று வருடம் ஒதுக்க முடிகிற, நாற்பது தாண்டாத ஒருவருக்கு இது நல்ல வழி என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கு இது தேவையில்லை.

சரி, நிர்வாகம் பக்கம் வருவோம். இங்கே பலரும் கவனிக்காத ஒன்றை முதலில் சொல்கிறேன். டாக்டர்கள் சிக்கிக்கொள்ளும் பிரச்சனைகளில் பாதி, சுகாதாரத்தைச் சேர்ந்தவையே இல்லை. டி.டி.ஓ. அதிகாரம், அதாவது அரசுப் பணத்தை எடுத்துப் பட்டுவாடா செய்யும் அதிகாரம், கையில் வருகிறது, எந்த பில்லில் கையெழுத்துப் போடலாம் என்று தெரியாது. ஊழியர் மேல் புகார் வந்தால் மெமோ எப்படி எழுதுவது, விசாரணை எப்படி நடத்துவது என்று தெரியாது. கிளார்க் எழுதிக் கொடுத்த நோட்டில் அப்படியே கையெழுத்துப் போட்டு, பின்னால் பதில் சொல்ல முடியாமல் தவிப்பவர்களை எல்லாத் துறைகளிலும் பார்க்கலாம். இதற்குப் பொது சுகாதார டிப்ளமா மருந்தல்ல. பழைய ஜே.என்.யூ. வளாகத்தில், 1948இல் தொடங்கப்பட்ட செயலகப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஐ.எஸ்.டி.எம். என்பார்கள். நோட்டிங், டிராஃப்டிங், ஆர்.டி.ஐ., துறை விசாரணை, கணக்கு என்று சில நாட்களில் முடியும் படிப்புகளை அங்கே நடத்துகிறார்கள். டாக்டர்கள் அங்கே அதிகம் போவதில்லை, செக்‌ஷன் ஆபீசர்களுக்கான இடம் என்று விட்டுவிடுகிறார்கள். புதிதாக சார்ஜ் எடுத்தவர் முதலில் போக வேண்டிய இடமே அதுதான் என்பேன். போக முடியாதவர்கள் அரசு ஊழியர்களுக்கான ஐகாட் கர்மயோகி இணையதளத்தில் இதே விஷயங்களை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் திரையில் பார்ப்பதும், ஒரு நிஜ ஃபைலைப் பிரித்து வைத்து ஆள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதும் ஒன்றாகாது.

அடுத்தது முனிர்கா நிறுவனம். இரண்டு பழைய நிறுவனங்களை, சுகாதார நிர்வாகத்துக்கானதையும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கானதையும், 1977இல் இணைத்து உருவாக்கியது இது. மாவட்ட அளவில் பொறுப்பேற்கப் போகும் சீனியர் மெடிக்கல் ஆபீசர்களுக்கென்றே மேலாண்மை, பொது சுகாதாரம், சுகாதாரத் துறைச் சீர்திருத்தம் மூன்றையும் சேர்த்து அமைத்த பத்து வாரப் படிப்பு இதன் அடையாளங்களில் ஒன்று. இது தவிர ஒரு வருடம் தங்கிப் படிக்கும் பொது சுகாதார மேலாண்மை முதுநிலை டிப்ளமா இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க தொலைதூர டிப்ளமாக்களும் உண்டு. சுகாதார, குடும்பநல மேலாண்மை ஒன்று, மருத்துவமனை மேலாண்மை ஒன்று என்று அவை பிரிந்திருக்கும்.

நிர்வாகப் பாடம் என்றால் வெறும் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. உங்கள் டிஸ்பென்சரியில் ஆறு மாதத்தில் 4,200 ஸ்ட்ரிப் மெட்ஃபார்மின் செலவானது. மாதச் சராசரி 700 என்று இன்டென்ட் போடுகிறீர்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தில் இரண்டு மாதம் மருந்தே இல்லை. அப்படியானால் 4,200ஐ ஆறால் அல்ல, நான்கால் வகுக்க வேண்டும்: 1,050. ஆறால் வகுத்தால் தட்டுப்பாடு அடுத்த இன்டென்டிலேயே மறுபடி பிறக்கிறது. சர்க்கரை நோயாளி வாரம் தவறாமல் வந்து கவுண்டரில் சண்டை போடுவதற்குக் காரணம் ஃபார்மசிஸ்ட் இல்லை, இந்த வகுத்தல்தான். நல்ல பயிற்சி என்றால் உங்கள் சொந்த ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்லி இதைப் போடவைக்கும். எந்தப் படிப்பில் சேரும் முன்பும் நான் பார்ப்பது இதைத்தான்: பிராஜெக்ட் வேலைக்கு என் இடத்துக் கணக்கை எடுப்பார்களா, அல்லது யாரோ எழுதிய கேஸ் ஸ்டடியைப் படிக்கவைப்பார்களா?

இந்த அளவுகோலில் பத்து வாரப் படிப்பு தொலைதூர டிப்ளமாவை ஜெயித்துவிடுகிறது. காரணம் பாடத்திட்டம் மட்டும் இல்லை, கூட இருப்பவர்கள். பீகார், மத்தியப் பிரதேசம், அசாம் என்று வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து வந்தவர்களோடு மாலையில் உட்கார்ந்து பேசும்போது கிடைப்பது எந்த அச்சடித்த பாடத்திலும் இல்லை. நாம் தமிழர்கள் என்று தெரிந்தால் டி.என்.எம்.எஸ்.சி. பற்றிக் கேள்வி வரும். 1994இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இந்த மருந்துக் கொள்முதல் கழகத்தைப் பார்த்துப் பல மாநிலங்கள் தங்களுக்கும் ஒன்றை அமைத்துக்கொண்டன. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், அதில் அதன் ஒதுக்கீடு, கிடங்கில் போய் வேண்டியதை எடுத்துக்கொள்வது என்ற அந்த ஏற்பாடு ஏன் வேலை செய்தது என்று விளக்கத் தயாராகப் போங்கள். நாட்டிலேயே முன்னோடியாக 1939இல் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மாகாணம், அதற்கென்று தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் என்பதால், அங்கிருந்து வந்த டாக்டர் சொல்வதை மற்றவர்கள் கூர்ந்து கேட்பார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொது சுகாதார மேலாண்மைப் பிரிவு வேண்டும் என்று சொல்வதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டில் அது நடைமுறையில் இருந்தது.

தொலைதூரப் படிப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கணவன் மனைவி இருவரும் டாக்டர், இருவருக்கும் டூட்டி, பிள்ளைகள் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் டி.டி.இ.ஏ. பள்ளியில், ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அம்மா என்று இருக்கும் வீட்டில் பத்து வாரம் கூட ஒதுக்க முடியாது. அவர்களுக்கு முனிர்காவின் தொலைதூர டிப்ளமாவோ, மைதான் கடியில் உள்ள இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை, சுகாதார மேலாண்மை முதுநிலை டிப்ளமாவோ பொருந்தும். இரண்டில் எது என்றால், பெரிய மருத்துவமனையில் வார்டு, கேஷுவால்ட்டி, ஸ்டோர் என்று நிர்வாகம் பார்ப்பவருக்கு இக்னோ. டிஸ்பென்சரி, திட்டங்கள், தடுப்பூசி என்று இருப்பவருக்கு முனிர்கா. தனியார் நிறுவனங்களின் இரண்டு வருட மருத்துவமனை மேலாண்மைப் படிப்புகள் கார்ப்பரேட் மருத்துவமனைக்கு ஆள் தயார் செய்பவை. அரசு டாக்டருக்கு அதில் அதிகம் இல்லை.

இப்போது எபிடெமியாலஜி பக்கம். இதற்கு முனிர்காவிலிருந்து மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸில் மாறி, சிவில் லைன்ஸில் இறங்க வேண்டும். ஷாம்நாத் மார்கில் என்.சி.டி.சி., தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். 1909இல் கசௌலியில் மலேரியா அலுவலகமாகத் தொடங்கி, டெல்லிக்கு வந்து, 2009இல் இன்றைய பெயரைப் பெற்றது. இங்கே இரண்டு வருட இ.ஐ.எஸ். என்ற நோய்ப் புலனாய்வுப் பயிற்சி 2012 முதல் நடக்கிறது, அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1951இல் தொடங்கிய அதே பெயர் கொண்ட பயிற்சியின் மாதிரியில். வகுப்பு கொஞ்சம், களம் நிறைய. ஒரு ஊரில் மர்மக் காய்ச்சல் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். இதன் சிறிய வடிவமாக மூன்று மாதக் களப் பயிற்சியும் உண்டு. அதில் பெரும்பகுதி உங்கள் சொந்த இடத்திலேயே, உங்கள் சொந்தத் தரவை வைத்து நடக்கும்.

இந்தப் பயிற்சி மனதில் எதை மாற்றுகிறது என்பதற்கு நம் டெங்குக் கணக்கே போதும். டிஸ்பென்சரியில் தினமும் எத்தனை காய்ச்சல் கேஸ் பதிவானது என்று வரைந்தால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏறும். ஏதோ வேகமாகப் பரவுகிறது என்று தோன்றும். ஞாயிறு டிஸ்பென்சரி மூடியிருந்ததுதான் காரணம். பதிவான தேதியை விட்டுவிட்டு, நோயாளிக்குக் காய்ச்சல் ஆரம்பித்த தேதியைக் கேட்டு லைன் லிஸ்ட் (ஆளுக்கு ஒரு வரிப் பட்டியல்) போட்டு வரைந்தால் உண்மையான வளைவு தெரியும். கூடவே முகவரியையும் குறித்தால் எந்தத் தெருவில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும் என்பது தெரியும். 2015இல் டெங்கு டெல்லியை உலுக்கியபோது மருத்துவமனைகளில் கட்டிலுக்குத் தட்டுப்பாடு இருந்ததைப் பார்த்தவர்களுக்கு, ஒரு வாரம் முன்னதாகத் தெரிவது என்றால் என்னவென்று புரியும்.

முசாபர்பூரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. பீகாரின் அந்த மாவட்டத்தில் வருடா வருடம் கோடையில் குழந்தைகள் வலிப்பு வந்து, நினைவு தவறி, இறந்துகொண்டிருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெயில், பூச்சிக்கொல்லி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். 2014இல் இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தனர். என்.சி.டி.சி.யும் அமெரிக்க சி.டி.சி.யும் சேர்ந்து 104 நோயுற்ற குழந்தைகளையும் அதே வயதுள்ள 104 மற்ற குழந்தைகளையும் ஒப்பிட்டன. லிச்சிப் பழம் சாப்பிட்டது, முந்தின நாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தது என்ற இரண்டும் மேலே வந்தன. பழத்தில் உள்ள இயற்கை நச்சு உடம்பு சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கிறது, வெறும் வயிற்றில் இருக்கும் ஏழைக் குழந்தைக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று சரிகிறது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைராலஜிஸ்ட் டி. ஜேக்கப் ஜானும் இதே திசையைத்தான் முன்பே காட்டியிருந்தார். பரிந்துரை எளிமையானது: ராத்திரிச் சாப்பாடு கட்டாயம், லிச்சியைக் குறைக்கவும், குழந்தை வந்தவுடன் சர்க்கரை அளவைப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றவும்.

லிச்சி மட்டுமே காரணமா என்ற விவாதம் அப்புறமும் நீண்டது. ஆனால் குளுக்கோஸ் உயிரைக் காக்கும் என்பதில் விவாதம் இல்லை. அப்படியிருந்தும் 2019இல் அதே மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்பது ஐந்து வருடமாகத் தெரியும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதிகாலை நாலு மணிக்கு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா, ஆம்புலன்ஸ் இருக்கிறதா, அங்கன்வாடிப் பணியாளர் வீடு வீடாகப் போய்ச் சொன்னாரா என்பது வேறு வேலை. அது நிர்வாகம். இரண்டு திறமைகளும் வேறு என்று முதலில் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். முதல் வேலையைச் செய்தவர்களை நாடு பாராட்டியது, அது நியாயம். இரண்டாவது வேலையைச் செய்ய மாவட்டத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் என் சாய்வு நிர்வாகப் பக்கம்தான். புலனாய்வு செய்யும் டாக்டர்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும், ஆனால் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் இல்லாமல் முடியாதவர் நிர்வாகம் தெரிந்த டாக்டர்.

ஆகவே இ.ஐ.எஸ். யாருக்கு? வயது குறைவு, பயணத்துக்குத் தயார், எண்களில் ஆர்வம், துறை இரண்டு வருடம் விடும் என்றால் தயங்காமல் சேருங்கள். அதற்கு நிகரான பயிற்சி இந்தியாவில் குறைவு. ஊர்ப்பக்கம் போய்ப் படிக்கலாம் என்பவர்களுக்குச் சென்னை அயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. 2001 முதல் களப் பயிற்சி நடத்தும் இடம், இரண்டு வருட எம்.பி.எச்.சும் உண்டு. ஐம்பதை நெருங்கியவர் மூன்று மாதப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏழ்மை, சாதி, இடப்பெயர்வு எப்படி நோயாகிறது என்று ஆழமாக யோசிக்க விரும்புபவருக்கு ஜே.என்.யூ.வின் சமூக மருத்துவ மையம் உண்டு, ஆனால் அது பணிப் பயிற்சி அல்ல, ஆய்வுப் படிப்பு.

லீவு விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசில் ஸ்டடி லீவுக்கு ஐந்து வருடத் தொடர் சேவை வேண்டும். மொத்தச் சேவையில் 24 மாதம், மத்திய சுகாதாரப் பணி டாக்டர்களுக்கு முதுநிலைப் படிப்பென்றால் 36 மாதம். பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்து ஓய்வுக்கு மூன்று வருடமாவது மிச்சம் இருக்க வேண்டும். துறையே அனுப்பும் பத்து வாரப் பயிற்சிக்கு இந்தத் தொல்லை இல்லை, அது டூட்டியாகவே கணக்கில் வரும். இன்னொன்று, மத்திய சுகாதாரப் பணியில் ஓய்வு வயது 65 என்றாலும் நிர்வாகப் பதவியில் 62 வரைதான் இருக்க முடியும். அதற்குப் பிறகு சிகிச்சை, கற்பித்தல், சுகாதாரத் திட்ட வேலைகள்தான். அறுபதை நெருங்கியவர் ஏதாவது படிக்க நினைத்தால், நிர்வாகத்தை விட நோய்க் கண்காணிப்புப் பயிற்சி அவருக்குக் கூடுதல் நாள் பயன்படும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, பயிற்சி முடித்து வந்தவரை அதற்குச் சம்பந்தமில்லாத இடத்தில் உட்காரவைப்பது. எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் நோய்க் கண்காணிப்புப் பயிற்சி முடித்து உற்சாகமாகத் திரும்பினார். அவருடைய அலுவலகம் அவரை மெடிக்கல் பில் சரிபார்க்கும் மேசைக்கு அனுப்பியது. அவர் கற்றது அவரோடு முடிந்துபோனது. இதைத் தடுக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: நாமினேஷன் விண்ணப்பத்திலேயே கட்டிப்போடுவது. 'திறன் மேம்பாட்டுக்காக' என்று எழுதாதீர்கள். 'எங்கள் மையத்தில் இன்ன மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிறது, அதைச் சரிசெய்யும் திட்டத்தைப் பயிற்சியில் தயாரித்து இங்கே நடைமுறைப்படுத்துவேன்' என்று எழுதுங்கள். அதில் உங்கள் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால், நீங்கள் திரும்பி வந்ததும் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

உங்களுக்குப் பதில் யார் பார்ப்பார் என்ற பெயரையும் நீங்களே எழுதிவிடுங்கள், சம்மதம் வாங்கிக்கொண்டு. இல்லாவிட்டால் ஃபைல் அந்த ஒரு கேள்வியோடு திரும்பிவிடும். நிறுவனங்கள் ஆண்டுப் பயிற்சி நாள்காட்டியை வெளியிட்டதும் பாருங்கள், ஜூலையிலிருந்து நவம்பர் வரை வரும் படிப்புகளை விட்டுவிடுங்கள். டெங்கு சீசனில் டெல்லியில் எந்த இன்சார்ஜும் டாக்டரை விடமாட்டார், விடவும் கூடாது. டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஃபைலை நகர்த்துங்கள்.